ஹம்மை விழுங்கிய கேபிள்

ஆடியோ பெட்டியைச் சுவர் சாக்கெட்டோடு இணைக்கும் பவர் கேபிளை விலையுயர்ந்ததாக மாற்றினால் பாட்டு மாறுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "உங்க வீட்ல எர்த்து இருக்கா?" என்பதுதான். பலர் கொஞ்சம் எரிச்சலாகப் பார்ப்பார்கள். "மூணு பின் பாயின்ட் இருக்கே" என்பார்கள். சுவரில் மூன்று ஓட்டை இருப்பதும் வீட்டில் எர்த்து இருப்பதும் ஒன்றல்ல. நம் ஊர்ப் பழைய வீடுகளில் அந்தப் பெரிய ஓட்டைக்குப் பின்னால் பச்சை ஒயர் வெறுமனே மடக்கி விடப்பட்டிருக்கும். சில இடங்களில் ஒயரே இருக்காது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேபிளுக்குள் இருக்கும் செம்பின் சுத்தம், வெள்ளிப் பூச்சு, பின்னல் முறை, மேலே அச்சடித்த அம்புக்குறி, இவற்றில் எதுவும் உங்கள் ஸ்பீக்கரில் வரும் ஒலியை மாற்றாது. ஆனால் கேபிளை மாற்றியதும் ஒலி மாறியது என்று சொல்பவர் எல்லாரையும் கற்பனை செய்கிறவர் என்று ஒதுக்கவும் நான் தயாரில்லை. சில வீடுகளில் உண்மையாகவே மாறுகிறது. அப்படி மாறிய ஒரு வீட்டைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

மடிப்பாக்கத்தில் ஒரு நண்பர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு அவர் 'சார்'. ஓய்வுப் பணத்தில் ஆசைப்பட்டு நல்ல ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) ஒன்று, டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் ஒரு டேக் (DAC), தரையில் நிற்கும் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வாங்கியிருந்தார். அந்த ஹாலில் பல மாதமாக ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் இருந்தது. சினிமாப் பாட்டு ஓடும்போது தெரியாது. ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தலைகாட்டும். அவர் மனைவி முறையாகப் பாட்டு கற்றவர். "அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் ஏத்தி நிக்குது" என்று அதற்கு முதலில் அடையாளம் சொன்னவர் அவர்தான். கணக்குப் போட்டால் அவர் காது சொன்னது சரி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஹம்மில் 50 மட்டும் இருக்காது, 100, 150, 200 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து வரும். ஐந்து கட்டை ஸ்ருதி 196 ஹெர்ட்ஸ். 200 அதற்கு ஒரு நூல் மேலே. (அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே இதே ஹம் 240-ல், ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில் நிற்கும். அந்த ஊர் எலக்ட்ரிசிட்டி போர்டில் ஸ்ருதி சுத்தம் இல்லை.)

ஒரு நாள் சார் போன் செய்தார். "தம்பி, ஹம் போயே போச்சு. பையன் ஜெர்மனிலேருந்து ஒரு பவர் கேபிள் அனுப்பியிருந்தான். நீங்க நம்ப மாட்டீங்கன்னு தெரியும். வந்து கேட்டுட்டுச் சொல்லுங்க."

போனேன். கட்டை விரலைவிடத் தடிமனான கேபிள், மேலே கறுப்பு நைலான் பின்னல், முனைகளில் பளபளக்கும் உலோகக் கவசம். ஆம்ப் விலையில் கால் பங்கு இருக்கும் என்று பையன் சொல்லாமல் சொல்லியிருந்தானாம். ஹம் உண்மையிலேயே போயிருந்தது. ஸ்பீக்கரில் காதை ஒட்டினாலும் லேசான 'ஸ்ஸ்' மட்டும்தான். பழைய கேபிளைப் போடச் சொன்னேன். ஹம் வந்தது. மறுபடி புதியது. போய்விட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு சோதிக்க அவசியமே இல்லை, பக்கத்து வீட்டுக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"இப்ப என்ன சொல்றீங்க?" சார் முகத்தில் அப்படியொரு வெற்றிக் களிப்பு.

"கேபிள் மாத்தினா சத்தம் மாறுது சார், சந்தேகமே இல்ல. அந்தப் பிளக்கைக் கொஞ்சம் காட்டுங்க."

ஜெர்மனியில் வாங்கியது என்பதால் அதில் இருந்தது அந்த ஊர் ஷூக்கோ பிளக். உருண்டையான இரண்டு பின் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். எர்த்துக்குத் தனிப் பின் கிடையாது. பிளக்கின் இரு பக்கவாட்டிலும் உள்ள தகடுகள்தான் எர்த்து. அந்த ஊர் சாக்கெட் குழிவாக இருக்கும், அதன் உள்ளே இருக்கும் கிளிப்புகள் அந்தத் தகடுகளைக் கவ்விக்கொள்ளும். நம் சாக்கெட்டில் அப்படி எதுவும் இல்லை. சார் அதை எந்த நாட்டு பிளக்கையும் விழுங்கும் மல்ட்டி அடாப்டர் ஒன்றில் செருகியிருந்தார். இரண்டு பின்னும் கச்சிதமாக உள்ளே போய்விட்டன. பக்கவாட்டுத் தகடுகள் பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டு நின்றன. மல்டிமீட்டரை எடுத்து ஆம்பின் உலோக உடம்புக்கும் சுவர் சாக்கெட்டின் எர்த்துக்கும் நடுவே தொடர்ச்சி பார்த்தேன். பீப் சத்தம் வரவில்லை, இணைப்பு இல்லை. பழைய கேபிளில் வந்தது.

அதாவது, ஹம்மை விழுங்கியது கேபிளின் வெள்ளிப் பூச்சு அல்ல. எர்த்து அறுந்துபோனதுதான்.

எர்த்து இருந்தால்தானே நல்லது, அது எப்படி ஹம்மைக் கொண்டுவரும் என்று கேட்கலாம். சார் வீட்டில் டிவியின் ஆடியோ வெளியீட்டிலிருந்து ஆம்புக்கு ஓர் ஆர்சிஏ கேபிள் (ஒலி சிக்னல் ஒயர்) போகிறது. டிவி செட்டாப் பாக்ஸோடு இணைந்திருக்கிறது. செட்டாப் பாக்ஸுக்குத் தெருவிலிருந்து கேபிள்காரரின் கோ-ஆக்ஸ் ஒயர் வருகிறது. அந்த ஒயரின் வெளிப்பின்னல் நாலு வீடு தள்ளி எங்கேயோ இருக்கும் கேபிள்காரரின் ஆம்ப்ளிஃபையர் பெட்டியோடு ஒட்டியிருக்கிறது. அந்தப் பெட்டியின் எர்த்தும் சார் வீட்டு எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்காது. இரண்டு இடத்துக்கும் நடுவே சில வோல்ட் வித்தியாசம் இருப்பது நம் தெருக்களில் சாதாரணம். இப்போது வட்டம் முழுமையாகிவிட்டது: தெருப் பெட்டி, கோ-ஆக்ஸ், செட்டாப் பாக்ஸ், டிவி, ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு (வெளிப்பின்னல்), ஆம்பின் உடம்பு, எர்த்துப் பின், வீட்டு எர்த்து, மண், மறுபடி தெருப் பெட்டி. இந்த வட்டத்தில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்சிஏ கேபிளில் ஷீல்டுதான் இசைக்கும் திரும்பு வழி. அதில் ஓடும் ஹம் கரண்ட் அங்கே உண்டாக்கும் சின்னஞ்சிறு வோல்டேஜை ஆம்ப் இசை என்று நினைத்துப் பெருக்கிவிடுகிறது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். வட்டத்தில் எந்த இடத்தை வெட்டினாலும் ஹம் போய்விடும். சார் வெட்டக்கூடாத ஒரே இடத்தை வெட்டியிருந்தார்.

நிரூபிக்க நேரம் ஆகவில்லை. பழைய கேபிளைப் போட்டு, ஹம் வந்ததும், செட்டாப் பாக்ஸிலிருந்து கோ-ஆக்ஸைத் திருகிக் கழற்றினேன். நிசப்தம். சார் கொஞ்ச நேரம் அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தியமும் எளிதுதான். அவருடைய டேக்கில் ஆப்டிகல் வாசல் சும்மா கிடந்தது, டிவியிலும் ஒன்று இருந்தது. ஆப்டிகல் ஒயரில் உலோகமே இல்லை, வெளிச்சம் மட்டும்தான் போகும். ஆர்சிஏவைக் கழற்றிவிட்டு அதைப் போட்டதும் வட்டம் உடைந்தது, எர்த்தும் அப்படியே இருந்தது. ஆப்டிகல் வாசல் இல்லாதவர்கள் கோ-ஆக்ஸில், உலோகத் தொடர்பை அறுத்துச் சிக்னலை மட்டும் விடும் ஐசொலேட்டர் போடலாம். ஆனால் டிஷ் ஆன்டெனாவுக்கு அது ஆகாது. டிஷ்ஷின் தலையில் சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு அந்த ஒயர் வழியாகத்தான் 13, 18 வோல்ட் டிசி போகிறது. ஐசொலேட்டர் அதையும் நிறுத்திவிடும்.

எர்த்தை அறுத்தே ஹம்மைப் போக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டுச் செருகும் பழக்கம் மேடைக் கச்சேரி ஒலிபெருக்கிக்காரர்களிடமும் நெடுநாளாக இருக்கிறது. ஆம்புக்குள் டிரான்ஸ்பார்மரின் காப்பு என்றாவது போய், பேஸ் ஒயர் உலோக உடம்பைத் தொட்டுவிட்டால், எர்த்து இருந்தால் பெரிய கரண்ட் பாய்ந்து ஃபியூஸ் போகும் அல்லது எம்சிபி விழும். எர்த்து இல்லையென்றால் எதுவும் நடக்காது. 230 வோல்ட் அந்த வழவழப்பான அலுமினிய முகப்பில் அமைதியாக உட்கார்ந்துகொண்டு, யாராவது வால்யூமைக் கூட்ட வருவார்களா என்று பார்த்திருக்கும்.

சார் இதையெல்லாம் ஒப்புக்கொண்டார். ஆனால் முழுதாக விடவில்லை. "ஹம் விஷயம் சரி தம்பி. ஆனா வயலின்ல வில்லு உரசற சத்தம் இந்தக் கேபிள்ல இன்னும் தெளிவா வந்துதே. அது?"

அந்தக் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. ஹம் போனால் அதன் அடியில் புதைந்திருந்த மெல்லிய ஒலிகள் கேட்கத்தான் செய்யும். மீதிப் பாதிக்கு ஆம்புக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. முதலில் டிரான்ஸ்பார்மர் அதை 30 வோல்ட் அளவுக்குக் குறைக்கிறது. நான்கு டயோடு கொண்ட ரெக்டிஃபையர் அதை ஒரே திசைக்கு மடக்குகிறது. பிறகு குண்டான கெபாசிட்டர்கள் அதைத் தேக்கி வைக்கின்றன. ஆம்ப் வாங்கிக்கொள்வது இந்தத் தேக்கத்திலிருந்து. மொட்டை மாடித் தொட்டிக்கு மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறது, நாம் குழாயைத் திறப்பது தொட்டியிலிருந்து. மோட்டார் பைப்பின் கடைசி ஓரடியை வெள்ளியில் செய்து போட்டாலும் குழாயில் வரும் தண்ணீர் அதே தண்ணீர்தான்.

இப்போது எண்கள். ஆம்போடு பெட்டியில் வரும் சாதாரண கேபிள் 0.75 ஸ்கொயர் எம்எம், நீளம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக, வர மூன்று மீட்டர் செம்பு. மின்தடை சுமார் 0.08 ஓம். அதற்குப் பதில் 4 ஸ்கொயர் எம்எம் தடியன் ஒன்றைப் போட்டால் 0.015 ஓம். நடுவே இருக்கும் லாபம் 0.06 ஓம் சொச்சம். ஆம்ப் 1 ஆம்பியர் இழுக்கிறது என்றால், அதுவே வீட்டில் கேட்கும் சத்தத்துக்கு அதிகம், வித்தியாசம் 0.06 வோல்ட். 230-ல் 0.06. டிரான்ஸ்பார்மரைத் தாண்டியதும் அது 0.01 வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். கெபாசிட்டர்கள் கரண்ட்டைச் சீராக வாங்குவதில்லை, அலையின் உச்சியில் வெடுக்வெடுக்கென்று இழுக்கின்றன என்று கேபிள் கட்சிக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். சரி, உச்சத்தில் ஐந்து மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 0.04 வோல்ட். அதே இடத்தில், 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் 1 ஆம்பியர் இழுக்கும்போது, நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும் ரிப்பிள் ஏறக்குறைய 1 வோல்ட். எந்தக் கேபிளைப் போட்டாலும் அது இருக்கும். அதைச் சகித்துக்கொண்டு, ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஸ்பீக்கருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஆம்பை வடிவமைத்தவர் சம்பளம் வாங்கினார். 1 வோல்ட்டைச் சமாளிக்கும் ஆம்ப் 0.04 வோல்ட்டில் வயலின் வில்லைத் தொலைத்துவிடும் என்பதை நான் எப்படி நம்புவது?

அந்த ஒன்றரை மீட்டருக்கு முன்னால் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். மீட்டர் பெட்டியிலிருந்து ஹாலுக்கு 20 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். போக வரச் சேர்த்து 0.3 ஓம். விலையுயர்ந்த கேபிள் தரும் லாபத்தைப் போல ஐந்து மடங்கு. அதற்கு முன்னால் தெருக் கம்பி, அலுமினியம். அதற்கும் முன்னால் 11 கிலோவோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர், பக்கத்தில் கட்டியிருக்கும் மாடு. என் வீட்டில் கீழ்த்தளத்துக்காரர் மோட்டார் போட்டால் மல்டிமீட்டர் 4 வோல்ட் இறக்கம் காட்டும். மோட்டார் ஓடும் நேரத்தில் இசை மேடை சுருங்கிவிட்டது, நடுக்குரலில் இதம் போய்விட்டது என்று எந்த ஆடியோ ரசிகரும் பாட்டை நிறுத்தி நான் பார்த்ததில்லை. 4 வோல்ட் கேட்கவில்லை, 0.06 வோல்ட் கேட்கிறதாம்.

ஸ்கின் எஃபெக்ட் என்று ஒன்றையும் இழுப்பார்கள். அதிர்வெண் கூடினால் மின்சாரம் கம்பியின் தோலோரம் ஒதுங்கும் என்பது சரி. 50 ஹெர்ட்ஸில் செம்பில் அந்தத் தோலின் ஆழம் 9 மில்லிமீட்டருக்கும் மேல். எந்தப் பவர் கேபிளுக்குள்ளும் அவ்வளவு தடித்த கம்பி இல்லை. இது முடிந்த விஷயம்.

கணக்கு வேண்டாம், காதுதான் நீதிபதி என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 2004-ல் சான் பிரான்சிஸ்கோ பகுதி ஆடியோ ரசிகர் சங்கத்தினர் உட்கார்ந்து இதையே கேட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கம் 2,500 டாலர் விலையுள்ள நார்டோஸ்ட் வல்ஹல்லா பவர் கேபிள், மறுபக்கம் பெட்டியில் வரும் சாதாரணக் கேபிள். எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாது. வந்தவர்களில் கேபிளை நம்புகிறவர்களும் இருந்தார்கள், அதனால் எதிரிகள் கூடி நடத்திய நாடகம் என்றும் சொல்ல முடியாது. மொத்தம் 149 பதில்களில் 73 சரி. 49 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டுப் பதில் எழுதியிருந்தாலும் ஏறக்குறைய இதுதான் வந்திருக்கும்.

நீங்களே வீட்டில் செய்யலாம். இன்னொருவர் கேபிளை மாற்ற வேண்டும், அவர் முகம் உங்களுக்குத் தெரியக்கூடாது, வால்யூம் குமிழைத் தொடக்கூடாது. 16 முறை கேட்டு 12 முறை சரியாகச் சொன்னால் வெறும் அதிர்ஷ்டமாக இருக்க நூற்றில் நாலு வாய்ப்புதான், அப்போது நான் உட்கார்ந்து கேட்கத் தயார். ஒரு சிக்கல், பவர் கேபிளை மாற்ற ஆம்பை அணைத்துப் போட வேண்டும். அதற்குள் முந்தைய ஒலியின் நுணுக்கமான ஞாபகம் கரைந்துவிடும். அதனால் இந்தச் சோதனை நியாயமற்றது என்று கேபிள் கட்சி சொல்லும். ஆனால் கடையில் விற்பனையாளர் மாற்றிக் காட்டி, "கேட்டீங்களா, பேஸ் சவுண்டு எப்படி இறுகிடுச்சு பாருங்க சார்" என்று சொல்லும்போதும் அதே இடைவெளிதானே இருக்கிறது.

நான் காதும் மைக்கும் இல்லாத வழியை விரும்புகிறவன். கணினிக்கு ஒலியை அனுப்பி வாங்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால், ஆம்பின் வெளியீட்டைத் தகுந்தபடி குறைத்து அதற்குள் திருப்பி, ஒரே பாட்டை இரண்டு கேபிளிலும் பதிவு செய்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கலாம். மீதி என்ன இருக்கிறதோ அதுதான் கேபிளின் பங்கு. வாசிப்பதும் பதிவதும் ஒரே இன்டர்ஃபேஸாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு கருவிகளின் உள்கடிகாரமும் விலகி வீணாகப் பயமுறுத்தும். நான் செய்தபோது இரண்டு கேபிளுக்கு நடுவே கிடைத்த மீதியும், ஒரே கேபிளை இரண்டு முறை பதிந்ததில் கிடைத்த மீதியும் பிரித்தறிய முடியாதபடி இருந்தன. வெறும் இரைச்சல்.

அப்படியானால் சார் கேட்ட அந்த வில் சத்தம் பொய்யா? அவர் கேட்டதை நான் மறுக்கவில்லை. கேட்பது காதில் மட்டும் நடக்கிற காரியம் இல்லையே. 1994-ல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஹார்மன் நிறுவன ஊழியர்கள் 40 பேரை வைத்து நான்கு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள், ஒருமுறை திரைக்குப் பின்னால் வைத்து, ஒருமுறை கண்ணுக்குத் தெரிய. கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறின. ஒலி பற்றி வேலை பார்க்கிற இடத்திலேயே அப்படி. ஜெர்மனியிலிருந்து மகன் அனுப்பிய கேபிளைக் கேட்கும் தகப்பனிடம் நடுநிலையை எதிர்பார்ப்பது அதிகம்.

எனக்கு இதைவிடப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. ஈதன் வைனர் என்ற ஒலியியல்காரர் சொல்வது. கேபிளை மாற்ற நீங்கள் எழுந்து போகிறீர்கள், ரேக்குக்குப் பின்னால் குனிகிறீர்கள், திரும்பி வந்து உட்காரும்போது தலை பழைய இடத்திலேயே இருப்பதில்லை. நான்கு அங்குலம் நகர்ந்திருந்தாலும் போதும். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டு வரும் ஒலியும் அந்த இடத்தில் வேறுவிதமாகக் கூடிக் கழியும், மேல் ஸ்தாயியில் பல டெசிபல் ஏறி இறங்கும். நம் ஹால்களில் இது இன்னும் மோசம். வழவழ டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர், கண்ணாடி ஷோகேஸ், ஒலியைக் குடிக்க ஒரு துணி கிடையாது. என் அறை 12 அடி. சுவருக்குச் சுவர் அதன் முதல் ஒத்ததிர்வு 47 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது, மின்சாரத்தின் 50-க்குப் பக்கத்திலேயே. ஹம்மின் அடிக்குரலைச் சுவரோரம் நின்றால் கேட்கலாம், நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் காணோம். எழுந்து போய்க் கேபிள் மாற்றிவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்தவர் கேபிளுக்கு நன்றி சொல்வார்.

இன்னொரு கேபிள் வித்தை இருக்கிறது, அதுவும் நிஜம். இரண்டு பின் மட்டும் உள்ள பெட்டிகள், டிவிடி பிளேயர், சில டேக்குகள், சார்ஜரில் போட்ட லேப்டாப் ஆகியவற்றின் உலோக உடம்பைத் தடவினால் விரலில் 'கிர்ர்' என்று ஊர்வது நம் எல்லாருக்கும் தெரியும். டெஸ்டர் வைத்தால் லேசாக எரியும். மின்வழங்கியின் உள்ளே இருக்கும் சிறு கெபாசிட்டர்கள், டிரான்ஸ்பார்மர் சுருள்களுக்கு நடுவே இயல்பாக உள்ள கெபாசிட்டன்ஸ், இவற்றின் வழியே கசியும் கரண்ட் அது. அளவில் சிறியது, ஆனால் அது ஆம்பின் எர்த்தைத் தேடி ஆர்சிஏ ஷீல்டு வழியாகப் போகும்போது 'ர்ர்ர்' என்ற கரகரப்பாகக் கேட்கலாம். இந்த இரண்டு பின் பிளக்கை நம் சாக்கெட்டில் எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் செருகலாம். டிரான்ஸ்பார்மர் உள்ள பழைய பெட்டிகளில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறினால் கசிவின் அளவும் மாறும். ஆக, பழைய கேபிளைப் பிடுங்கிப் புதியதைச் செருகும்போது தற்செயலாகப் பிளக் திரும்பிவிட்டது என்றால், கரகரப்பு உண்மையாகவே குறைந்திருக்கலாம். பழைய கேபிளையே கழற்றித் திருப்பிச் செருகியிருந்தாலும் குறைந்திருக்கும். செலவில்லாத வேலை, செய்து பாருங்கள்.

இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் பவர் கேபிள் எங்கே ஓடுகிறது என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அதன் ஊசித் தலையான மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் தரும் சிக்னல் 0.3 மில்லிவோல்ட் அளவு, டேக் தருவது 2 வோல்ட். அந்த மெல்லிய ஒயரை ஒட்டியே பவர் கேபிள் படுத்திருந்தால் அதன் காந்தப்புலம் உள்ளே நுழையும். இதற்கும் கேபிளின் விலைக்கும் சம்பந்தமில்லை. ஓரடி தள்ளிப் போட்டால் தீரும். தள்ள இடமில்லையென்றால் செங்குத்தாகக் குறுக்கே விடுங்கள். எங்கள் ஹாலில் டர்ன்டேபிளில் ஒரு சீற்றம் கேட்டுக்கொண்டே இருந்தது, கடைசியில் பிடிபட்டது ஃபேன் ரெகுலேட்டர். குமிழைத் திருகினால் வழுக்கிக்கொண்டே போகும் பழைய வகை, டிரையாக் வைத்து அலையை நடுவில் வெட்டும். படிப்படியாகக் 'க்ளிக்' என்று மாறும் கெபாசிட்டர் வகையைப் போட்டதும் போனது. சில நூறு ரூபாய்.

ஜப்பானில் இந்தப் பித்து முற்றிச் சிலர் வீட்டு வாசலில் சொந்தமாக மின்கம்பமே நட்டுக்கொள்கிறார்கள். 2016-ல் ஓர் அமெரிக்க நாளிதழ் அப்படி ஒருவரைப் பற்றி எழுதியது, 82 வயது வழக்கறிஞர், தனிக் கம்பம், தனி டிரான்ஸ்பார்மர், செலவு சுமார் 10,000 டாலர். படித்தபோது சிரித்தேன், பிறகு அவர்மேல் மரியாதை வந்தது. எனக்கு அது தேவையில்லை, ஆம்பின் மின்வழங்கி அதைப் பார்த்துக்கொள்ளும். இருந்தாலும் அக்கம்பக்கத்து மின்சாரம் தன் டிரான்ஸ்பார்மரைப் பங்குபோடக்கூடாது என்று நினைத்தவர், கடைசி ஒன்றரை மீட்டரில் மொத்த வித்தையும் இருக்கிறது என்று நினைப்பவரைவிட மின்சாரத்தைப் புரிந்துகொண்டவர்.

அந்தப் பணம் என்னிடம் இருந்தால் எலக்ட்ரீஷியனுக்குக் கொடுப்பேன். ஹாலுக்கு மட்டும் மீட்டர் பெட்டியிலிருந்து தனி லைன். ஆடியோ பெட்டிகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் ஒரே போர்டில், எர்த்தும் ஒரே இடத்தில் சேரும்படி. தளர்ந்த சாக்கெட்டுகளை மாற்றி ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது. கரண்ட் கசிந்தால் மின்சாரத்தை அறுக்கும் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் முதல் செலவே அதுதான். எர்த் குழி எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பது அடுத்தது. எங்கள் குடியிருப்பில் அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். கோடையில் மண் காய்ந்தால் எர்த்தும் பலவீனமாகும், அதற்குத்தான் குழியில் தண்ணீர் ஊற்ற வாய் விட்டு வைப்பது.

சார் கேபிளைத் திருப்பி அனுப்பவில்லை. மகன் மனசு நோகும் என்றார். ஷூக்கோ பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர் மூன்று பின் பிளக் போட்டுத் தர எங்கள் எலக்ட்ரீஷியன் வந்தார். வெட்டும்போது சார் சமையலறைப் பக்கம் போய்விட்டார். "எவ்ளோ சார் இந்த ஒயரு?" என்று அவர் கேட்டதற்கு நான் விலையைச் சொல்லவில்லை. கிளம்பும் முன் எல்லாப் பாயின்ட்டிலும் மல்டிமீட்டர் வைத்தார். உங்கள் வீட்டிலும் அவரைப் போன்ற ஒருவரை விட்டு இதைப் பார்த்துவிடுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே, வீட்டில் நாலு சாமான் ஓடும்போது, ஒன்றிரண்டு வோல்ட் இருந்தால் கவலையில்லை. பத்து, இருபது என்று போனால் எர்த்தோ நியூட்ரலோ எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அயர்ன் பாக்ஸ் ஓடும்போதும் அசையாமல் சரியாக 0 என்று நின்றால் அதையும் நம்ப வேண்டாம். அந்தப் பாயின்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள், எர்த்து முனையிலிருந்து நியூட்ரலுக்கு யாராவது ஒரு துண்டு ஒயர் போட்டு வைத்திருக்கலாம். அப்படி இருந்தால் அதை எடுத்து ஒழுங்கான எர்த்து இழுக்கும்வரை அந்தப் பாயின்ட்டில் ஆம்பைப் போடாதீர்கள்.